‘மதம்’ என்ற கட்டம்: எம்.எட். ஆய்வேடு எழுதுவோருக்கு

எம்.எட். (கல்வியியல் முதுநிலைப் பட்டம்) ஆய்வேடுகளுக்கான கேள்விப் படிவங்களில் பால், வாழிடம், பள்ளி வகை ஆகியவற்றோடு ‘மதம்’ என்ற கட்டமும் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும். மதமும் கல்வி அடைவும் (மாணவர் பெறும் தேர்ச்சி நிலை) என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளி பள்ளியாக அலைந்தவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

மதவாரியாகச் சராசரி மதிப்பெண் கணக்கிட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்று எழுதிவிட ஒரு மாலைப்பொழுது போதும். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வியில். நீங்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்களில் கிறித்தவர்கள் பெரும்பாலோர் ஒரே மிஷன் பள்ளிக்காரர்கள் என்றால், நீங்கள் அளந்தது மதத்தையா, அந்தப் பள்ளியின் மாலை நேரப் படிப்பையா? அமெரிக்காவில் 1982இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் ஆய்வுக் குழு, கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களின் அடைவு அரசுப் பள்ளி மாணவர்களைவிட மேல் என்று சொன்னபோதும் சச்சரவு இதில்தான் எழுந்தது: கட்டணம் கட்டிச் சேர்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கே சேர்ந்திருந்தாலும் படித்திருப்பார்களே! ஆகவே ஒரே பள்ளிக்குள் ஒப்பிடுங்கள். பெற்றோரின் படிப்பு, வருமானம் இரண்டையும் கேட்காமல் விடாதீர்கள்.

‘இந்து’ என்ற கட்டம் இன்னும் சிக்கலானது. சேலம் நகரின் பேர்லேண்ட்ஸ் பகுதியில் டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகும் மாணவியும், ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் மலையாளிப் பழங்குடி (கேரளத்தவர் அல்ல, இந்த மலையில் வாழ்பவர்கள்) மாணவனும் அதே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அரையாண்டுத் தேர்வும் வரும். முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்; பழம் பறிக்கப் போனவனின் மதிப்பெண் சரிவை மதத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

மதம் நேராகப் படிப்பைத் தொடுவது நாள்காட்டியில்தான். 2025இல் ரமலான் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. பிளஸ் டூ பொதுத்தேர்வு மறுநாளே. சேலம் கோட்டைப் பகுதி மாணவி ஒருத்திக்கு சஹர் வேளைதான் (நோன்பு தொடங்குமுன் விடியலில் உண்ணும் நேரம்) அந்த மாதத்தின் நல்ல படிப்பு நேரம். நான்கு மணிக்கே வீடு முழுக்க விழித்திருக்கும். கல்லூரியில் படிக்கும் அவள் அண்ணனுக்கோ மாலை ஆனால் எழுத்து கண்ணில் ஏறாது. ஒரே வீடு, ஒரே நோன்பு!

எனவே டிக் அடிக்கும் கட்டத்தோடு நிறுத்தாமல், விரத நாளில் எப்போது படிக்கிறாய், பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ கோயிலிலோ பாடம் சொல்லித்தருபவர் உண்டா என்று கேளுங்கள். மாலை போட்ட ஐயப்ப பக்தர்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி: மதம் என்ற சொல்லைக் கண்டதுமே தலைமையாசிரியர்களின் முகம் மாறும். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். படிவத்தில் மாணவர் பெயர் வேண்டாம். மதக் கேள்வியைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.