ஊர் அணி டர்ஹாம்

இங்கிலாந்தின் வடகிழக்கில் குடியேறினால், வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் ஒரு கேள்வி வந்து நிற்கும்: நியூகாசிலா, சன்டர்லாந்தா? கால்பந்தைத்தான் கேட்கிறார்கள். எதைச் சொன்னாலும் அறையில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். என் மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை. அவளோடு டிபென்டன்ட் விசாவில் வந்த எனக்குப் பொருள் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை கிடைத்தது. வேலையிடத்தில் வம்பு எதற்கு என்று, "எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும்" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். அதையே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, "அப்படியானால் ரிவர்சைடுக்குப் போகலாம் வா" என்று கிளப்பிவிட்டார்.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்த டர்ஹாம் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்க ஒரு காலத்தில் சுரங்க ஊர்கள்தான். 1990களின் தொடக்கத்தில் கடைசிச் சுரங்கங்களும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் சுரங்கம் இருந்த ஊர்களில் கிரிக்கெட் கிளப்புகள் இன்றும் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் போனால் வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பார்க்காமல் போக முடியாது.

டர்ஹாம் கவுன்டியின் கிரிக்கெட் அணி ஆடுகிற ரிவர்சைடு மைதானம் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில். பக்கத்திலேயே வியர் ஆறு ஓடுகிறது; மேட்டின் மேல் லம்லி கோட்டை. கோட்டை இப்போது ஹோட்டல். 2005இல் ஆஸ்திரேலிய அணி அங்கே தங்கியபோது, ஷேன் வாட்சன் பேய் பயத்தில் தன் அறையை விட்டுவிட்டு பிரெட் லீயின் அறைத் தரையில் போய்ப் படுத்தாராம். பெரியவர் இதைச் சொல்லும்போதெல்லாம் புதிதாகச் சிரிப்பார்.

சேப்பாக்கத்தில் வேர்த்து ஊற்ற மேட்ச் பார்த்து வளர்ந்த எனக்கு, ஏப்ரல் மாதக் கவுன்டி கிரிக்கெட் வேறு விளையாட்டு. ஸ்லிப்பில் நிற்கிறவர்கள் இரண்டு பந்துக்கு நடுவே கையைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்கள். ஆற்றுப் பக்கமிருந்து வருகிற காற்று, ஜாக்கெட்டின் ஜிப்பில் இருக்கும் இடைவெளியைக்கூடக் கண்டுபிடித்துவிடும். கூட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. போர்வை, பிளாஸ்க், மடித்த செய்தித்தாள், ஸ்கோர் எழுதுகிற பென்சில் என்று ஆங்காங்கே உட்கார்ந்திருப்பார்கள். நான் எலுமிச்சை சாதமும் மோர்மிளகாயும் கொண்டுபோனேன். பெரியவர் மோர்மிளகாயைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் டீயைத் திறந்தார். சாண்ட்விச்சில் பாதியை எனக்குத் தந்தது அதற்கப்புறம்தான்.

டர்ஹாம் கிளப் 1882இல் தொடங்கப்பட்டது. ஆனால் முதல்தர அணி என்ற தகுதி கிடைத்தது 1992இல்தான். நூற்றுப்பத்து ஆண்டுகள் வாசலில் நின்றிருக்கிறார்கள்! அதுவரை மைனர் கவுன்டி, அதாவது இரண்டாம் தட்டு அணி. அதில் சும்மா இருக்கவில்லை. 1976 முதல் 1982 வரை தொடர்ந்து 65 ஆட்டங்களில் தோற்காமல் இருந்தார்கள். 1973இல் ஜில்லெட் கோப்பை என்ற ஒருநாள் போட்டியில் யார்க்ஷயரை அவர்கள் மண்ணிலேயே, ஹாரோகேட்டில், 5 விக்கெட் வித்தியாசத்தில் சாய்த்தார்கள். அந்தக் கோப்பையில் ஒரு மைனர் கவுன்டி முதல்தர அணியை வென்றது அதுவே முதல் முறை. பெரியவரிடம் யார்க்ஷயரின் பெயரை எடுத்தால் போதும், அந்த நாளுக்குப் போய்விடுவார்.

முதல்தர அணிகள் மோதுகிற கவுன்டி சாம்பியன்ஷிப்பில், 1921இல் கிளமோர்கன் அணி வந்த பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் புது அணி டர்ஹாம்தான். இயன் போத்தம், டீன் ஜோன்ஸ் என்று பெரிய தலைகளை அழைத்து வந்தும் முதல் சீசனில் கடைசி இடம்தான். சொந்த மைதானமான ரிவர்சைடே 1995இல்தான் வந்தது. அடுத்த சில ஆண்டுகளும் அடிமட்டத்திலேயே கிடந்தார்கள். வந்த புதிதில் எல்லோருக்கும் அப்படித்தானே? ஆனால் பணம் கொடுத்துக் கொண்டுவந்த பெயர்களைவிட, ஊர்ப் பையன்கள்தான் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது என் கணிப்பு. ஷாட்லி பிரிட்ஜில் பிறந்த காலிங்வுட், ஆஷிங்டன் என்ற சுரங்க ஊரிலிருந்து ஹார்மிசன், அதே ஊரிலிருந்து பின்னால் மார்க் வுட். பென் ஸ்டோக்ஸ் நியூசிலாந்தில் பிறந்து சிறு வயதில் கம்பிரியாவுக்கு வந்தவர். அவரை வளர்த்துவிட்டதும் டர்ஹாம்தான்.

2007இல் அணிக்குக் கதவு திறந்துகொண்டது. ஆட்டிஸ் கிப்சன் என்ற பார்படாஸ்காரர், 38 வயதில், ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார்: 47 ரன்னுக்குப் பத்து. எதிரணி ஹாம்ப்ஷயர். அதே ஆண்டு லார்ட்ஸில் ஃபிரெண்ட்ஸ் பிராவிடன்ட் கோப்பை இறுதிப் போட்டி. முதல் இரண்டு பந்துகளிலேயே கிப்சன் இரண்டு விக்கெட் எடுத்தார். அங்கேயும் எதிரணி ஹாம்ப்ஷயர். டர்ஹாமுக்கு அது முதல் பெரிய கோப்பை. பிறகு 2008, 2009, 2013 என்று மூன்று கவுன்டி சாம்பியன்ஷிப். ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடு வென்றது 1954-55, 1987-88 என்று இரண்டே தடவை என்பதைப் பெரியவரிடம் சொன்னபோது, ரொம்ப அனுதாபத்தோடு தலையாட்டினார். 2013 சீசன் நடுவே பயிற்சியாளர் ஜெஃப் குக்குக்கு ஓடும்போது மாரடைப்பு. பிழைத்துவிட்டார், அணியும் கோப்பையை எடுத்தது. அதே கோடையில்தான் ரிவர்சைடில் ஸ்டூவர்ட் பிராட் 50 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தின் ஆஷஸ் தொடர் வெற்றியை உறுதிசெய்தார்.

இந்த ஊர்க்காரர்களின் ஆறாத புண் 2016. கடன் கழுத்தை நெரிக்க, இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 38 லட்சம் பவுண்டு கொடுத்துக் காப்பாற்றியது. காப்பாற்றிய கையோடு அறையவும் செய்தது. சாம்பியன்ஷிப்பின் முதல் டிவிஷனில் நான்காவதாக வந்த அணியை இரண்டாவது டிவிஷனுக்கு இறக்கினார்கள். அடுத்த சீசனை மைனஸ் 48 புள்ளியில் தொடங்கச் சொன்னார்கள். டெஸ்ட் நடத்தும் தகுதியையும் பிடுங்கினார்கள். அந்த ஆண்டு மே மாதம் இலங்கையோடு நடந்த ஆட்டம்தான் ரிவர்சைடின் கடைசி டெஸ்ட். ஸ்டோன்மன், போர்த்விக், ஜென்னிங்ஸ் என்று முக்கிய ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். போர்த்விக் மட்டும் பின்னால் திரும்பி வந்து கேப்டனும் ஆனார். டர்ஹாம் இறங்கியதால் யார் தப்பித்தது தெரியுமா? கீழே போயிருக்க வேண்டிய ஹாம்ப்ஷயர். பெரியவர் இதைச் சொல்லிவிட்டு லண்டன் இருக்கும் திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். சுரங்கத்தை மூடியதும் அவர்கள்தான், அணியை இறக்கியதும் அவர்கள்தான் என்பது அவர் கணக்கு. அது முழுக்க நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கியது கிளப்தானே. ஆனால் அந்தக் கோபத்தில் பங்கு போட்டுக்கொண்ட நாளிலிருந்துதான் அந்த வரிசையில் என்னை இன்னொரு ஆளாகப் பார்த்தார்கள். விசா அட்டை அதைச் செய்யவில்லை.

பக்கத்து இருக்கைகளில் நியூகாசில் ஆட்களும் சன்டர்லாந்து ஆட்களும் ஒன்றாக உட்காருவார்கள். வேறெங்கும் அப்படி நான் பார்த்ததில்லை. தமிழ் முகங்கள் குறைவு. இலங்கை ஆடியபோது மட்டும் ஸ்டாண்டுகள் நிறம் மாறின என்று சொல்வார்கள். 2019 உலகக் கோப்பையில் இங்கே இலங்கையும் தென்னாப்பிரிக்காவும் மோதியபோது தேனீக் கூட்டம் வந்து, ஆட்டக்காரர்கள் நடுவர்களோடு சேர்ந்து தரையில் குப்புறப் படுத்தார்கள். நாலு தமிழர்கள் கூடும் வீட்டில் கிரிக்கெட் பேச்சு எடுத்தால் தேனீ தவறாமல் வரும்.

2023இல் டர்ஹாம் இரண்டாவது டிவிஷனை வென்று மேலே ஏறியது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்த நாட்களில் சில மழைக்குப் போயின. நான்கு நாள் ஆட்டத்துக்கு லீவு போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று மனைவி சொல்கிறாள். அது தப்பு, எங்கள் வரிசையில் இன்னும் சிலர் உண்டு. வெளியூர் அணி நன்றாக ஆடினால் அந்த வரிசை மனசார கைதட்டும், அது இங்கே பழக்கம். ஹாம்ப்ஷயர் வரும்போது மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம். போன முறை அவர்களுடைய ஓப்பனர் சதம் அடித்தபோது பெரியவர் பிளாஸ்க் மூடியைத் திருகுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். நான் செருப்பு வார் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டேன், ஷூ போட்டிருந்தும்.