"டாக்ஸ் முடிஞ்சாச்சு" என்று அவர் சொன்ன பிறகு

பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் நியூ ஜெர்சித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். "டாக்ஸ் யாருகிட்ட பண்றீங்க? எவ்வளவு வாங்கறார்? ரீஃபண்ட் எவ்வளவு வந்துச்சு?" இதைத் தாண்டி நாலாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலையை முடித்த பிறகு அவர் உங்கள் கையில் எதைக் கொடுத்தார், எப்படிக் கொடுத்தார்? ஆளை எடைபோட எனக்கு இப்போது அந்த ஒரு கேள்வி போதும்.

ஊரில் இருந்தவரை இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் ஃபார்ம் 16 எனும் சம்பளச் சான்றைக் கொடுத்துவிட்டு வருவோம். வருமானவரித் தளத்தின் பாஸ்வேர்டே அங்கிருக்கும் பையனிடம்தான் இருக்கும். ஆதார் ஓடிபி கேட்டு ஒரு போன் வரும். சொல்வோம். சாயங்காலம் ஐடிஆர்-வி அத்தாட்சியும் கணக்குத் தாளும் மெயிலில் வந்துவிடும். ரிட்டர்னைத் திறந்து படித்த நண்பர்கள் யாராவது உண்டா என்று கேட்டால் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது.

அந்தப் பழக்கத்தோடு ஜெர்சி சிட்டிக்கு வந்து, வேலை பார்ப்பது மன்ஹாட்டனில் என்று ஆகிவிட்டால் ஒன்றுக்கு மூன்றாக ரிட்டர்ன் வரும். மத்திய அரசுக்கு 1040, நியூயார்க்குக்கு வெளிமாநிலத்தார் போடும் ஐடி-203, குடியிருக்கும் நியூ ஜெர்சிக்கு என்ஜே-1040. நியூயார்க்கில் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சி கழிவு தரும் என்பதால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வயதான சிபிஏ (இங்கத்திய ஆடிட்டர்) இதை இன்னமும் காகிதத்தில்தான் கொடுக்கிறார். கல்யாணப் பத்திரிகை போல வழவழப்பான தடித்த அட்டை. முன்பக்கம் வெட்டிவிட்ட சின்னச் சன்னலில் எங்கள் இருவர் பெயரும் தெரியும். உள்ளே இடதுபக்கப் பையில் நாங்கள் கொடுத்த சம்பளச் சான்றான டபிள்யூ-2, வட்டி போன்ற மற்ற வருமானத்துக்கான 1099 எல்லாம் திரும்ப இருக்கும். வலதுபக்கம் முதலில் ஒரு கடிதம், அடுத்து கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள், அதற்கும் அடியில் ரிட்டர்னின் முழு நகல். கையெழுத்து எங்கே என்று காட்ட மஞ்சள் நாக்குகள் ஒட்டியிருக்கும்.

இதில் மேலே இருக்கும் கடிதத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். மத்திய அரசிடமிருந்து இவ்வளவு திரும்ப வரும், இந்த வங்கிக் கணக்கில் விழும், கடைசி நாலு எண் இது. நியூயார்க்கிலிருந்து இவ்வளவு. நியூ ஜெர்சிக்கு நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு, ஏப்ரல் 15-க்குள், இந்த வழியில். அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே தவணை கட்ட வேண்டியவர்களுக்கு 1040-இஎஸ் சீட்டுகளும் அதன் பின்னால் இருக்கும்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. கணக்குத் தெரிந்த ஆள் கணக்குத் தெரியாதவருக்காக உட்கார்ந்து எழுதிய பக்கம் அந்தக் கட்டிலேயே அது ஒன்றுதான். அதைக்கூட எழுத மாட்டேன் என்பவருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

அடுத்து 8879, ரிட்டர்னை இணையத்தில் அனுப்ப நாம் ஒப்புதல் தரும் படிவம். பார்க்க ஒன்றுமில்லாத தாள் போல இருக்கும். மேலே ஐந்து தொகைகள்: சரிக்கட்டிய மொத்த வருமானம், மொத்த வரி, பிடித்த வரி, திரும்ப வருவது, கட்ட வேண்டியது. கீழே ஐந்து இலக்க பின் எண், கையெழுத்து, தேதி. இது மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போகாது. தயாரித்தவர் மூன்று ஆண்டு தன்னிடம் வைத்திருப்பார். ஆனால் இதில் கையெழுத்து விழாமல் அவர் ரிட்டர்னை அனுப்பக் கூடாது. அங்கே பொடியெழுத்தில் இருப்பது, ரிட்டர்னின் நகலைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தவரை அது உண்மை, சரி, முழுமை என்று பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு நாம் தரும் உறுதிமொழி. பிழை இருந்தால் வரியும் வட்டியும் வந்து நிற்பது நம் வாசலில்தான், தயாரித்தவர் வாசலில் இல்லை. கையெழுத்துக்கு நீட்டும்போதே முழு நகலையும் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்வது இதனால்தான். "8879-ல மட்டும் சைன் பண்ணி அனுப்புங்க சார், காப்பி அப்புறம் தர்றோம்" என்று சொல்கிற ஆபீஸ்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடாதீர்கள்.

கூட்டு ரிட்டர்ன் என்றால் இருவரும் போட வேண்டும். "எனக்குத்தான் சம்பளமே இல்லையே, நான் எதுக்கு?" என்று கேட்டாள் மனைவி. வேலை விசாக்காரரின் துணைவருக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவள். கூட்டாகப் போட்டால் மொத்த வரிக்கும் இருவரும் பொறுப்பு என்று சொன்னதும், "அப்போ நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்று மொத்தக் கட்டையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரைமணி கழித்து, வட்டி வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் பி-யின் கடைசிப் பகுதியில் விரலை வைத்தாள். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. "மதுரையில என் பேர்ல இருக்கறது கணக்கு இல்லையா, பாத்திரமா?"

அவள் கேட்டது சரி. வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, ஆனால் வரிக் கணக்கில் இங்கே குடியிருப்பவராக ஆகிவிட்டால் அதுவும் வருமானம். ஊரில் உள்ள கணக்குகளின் இருப்பெல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் எனும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் (ஃபின்சென் 114) போட வேண்டும். அது ரிட்டர்னோடு சேராது, வேறு துறைக்குத் தனியாகப் போவது. நமக்காக வேறொருவர் அனுப்புவதென்றால் 114ஏ என்ற ஒப்புதல் தாளில் கையெழுத்து வேண்டும். கட்டில் அந்தத் தாளைக் காணோம் என்றால் எஃப்பார் போகவில்லை என்று கொள்ளலாம். நம்மவர்களின் கோப்பில் முதலில் தேட வேண்டியதே இதைத்தான் என்பேன். சிபிஏ அந்தப் பக்கத்தைத் திருத்தி, புது நகலும் புது 8879-உம் அடித்துக் கொடுத்தார். தொகை மாறினால் பழைய கையெழுத்தை வைத்து ஒப்பேற்ற மாட்டார் மனிதர்.

இப்போது பெரும்பாலான இடங்களில் அட்டையும் கிடையாது, மஞ்சள் நாக்கும் கிடையாது. போர்ட்டலில் பிடிஎஃப் ஏறும், மெயில் வரும், திரையிலேயே கையெழுத்து. சௌகரியம்தான், ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் 8879-ல் கையெழுத்திடுவதற்கு முன் நீங்கள் நீங்கள்தானா என்று சோதிக்கச் சில கேள்விகள் வரும். கீழ்க்கண்ட தெருக்களில் நீங்கள் முன்பு குடியிருந்தது எது, உங்கள் கார் கடனின் மாதத் தவணை எவ்வளவு என்ற ரகம். கடன் வரலாற்றிலிருந்து உருவும் கேள்விகள் இவை. வந்து ஆறு மாதமே ஆன, கையில் ஒரு கிரெடிட் கார்டுகூட இல்லாத ஆளிடம் உருவ என்ன இருக்கும்? சில சமயம் கேள்வியே வராது, சில சமயம் சம்பந்தமில்லாததாக வரும். மூன்று முறை தவறினால் கதவு மூடிக்கொள்ளும். பயப்பட ஒன்றுமில்லை. தாளை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் போதும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஆபீஸ் நல்ல ஆபீஸ்.

துணைவருக்கு இன்னும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை, அது கிடைக்காதவர்களுக்குத் தரும் வரி எண்ணான ஐடிஐஎன்னும் இல்லை என்றால் அந்த ஆண்டு இணையமே கிடையாது. ஐடிஐஎன் கேட்கும் டபிள்யூ-7 விண்ணப்பம் மேலே, காகித ரிட்டர்ன் கீழே, மூல பாஸ்போர்ட்டோ அதை வழங்கிய அலுவலகம் சான்றளித்த நகலோ கூட. எல்லாம் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு. பாஸ்போர்ட்டைத் தபாலில் விட மனம் வராதவர்கள், தானே பார்த்துச் சான்றளிக்க ஐஆர்எஸ் அனுமதி பெற்ற முகவரிடம் போவது நல்லது.

வாட்ஸ்அப்பில் ரிட்டர்ன் அனுப்புகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நண்பன் ஒருவனுக்கு, நம்மவர்கள் நடத்தும் ஓர் ஆபீஸிலிருந்து, பாஸ்வேர்டுகூட இல்லாத பிடிஎஃப் வந்தது. குடும்பத்தில் எல்லாருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் அதில் முழுசாக. கீழே தயாரித்தவர் பகுதி வெறுமையாக இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு தயாரிப்பவர் அங்கே கையெழுத்திட்டுத் தன் பிடின் எண்ணையும் (தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் எண்) போட வேண்டும். வெறுமையாக விட்டால் நீங்களே தயாரித்ததாக ஆகிவிடும். நாளைக்குக் கேள்வி வந்தால் அந்த ஆபீஸைத் தேட ஒரு தடயமும் இருக்காது. இன்னொன்று: சில இடங்களில் கணக்கு வேலை உண்மையில் நடப்பது ஹைதராபாத்திலோ சென்னையிலோ. அது தப்பில்லை. ஆனால் நம் விவரங்கள் அமெரிக்காவுக்கு வெளியே போவதற்கு முன் எழுத்துமூலமாக நம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் தாள் வேலை முடிந்த பிறகு கட்டோடு வந்தால், காலம் கடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கோப்பு மூடிவிடுவதும் இல்லை. ரிட்டர்னை ஐஆர்எஸ் ஏற்றுக்கொண்டதா, திருப்பி அனுப்பியதா என்ற அறிவிப்பு வர வேண்டும். தமிழ்ப் பெயர்கள் இங்கே நிறைய அடிபடும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், சோஷியல் செக்யூரிட்டி கார்டில் முன்னால், கம்பெனியில் இனிஷியலோடு. ரிட்டர்னில் உள்ள கடைசிப் பெயரின் முதல் நாலு எழுத்து அவர்கள் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் கணினி அப்படியே திருப்பிவிடும். "அனுப்பியாச்சு" என்று மெயில் போடுபவரிடம், மத்திய அரசு, நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றும் ஏற்றுக்கொண்ட அறிவிப்பைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகுதான் ரீஃபண்டுக்கு நாள் எண்ணத் தொடங்க வேண்டும். இணைய ரிட்டர்ன் என்றால் வழக்கமாக 21 நாளுக்குள் வந்துவிடும்.

நகலைப் பத்திரமாக வைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அடுத்த ஆண்டு நாமே மென்பொருளில் போடுவதென்றால் இந்த ஆண்டின் ஏஜிஐ, அதாவது சரிக்கட்டிய மொத்த வருமானத் தொகையைக் கேட்கும். பின்னாளில் கிரீன் கார்டுக்கு யாரையாவது ஸ்பான்சர் செய்யும்போது கடைசி ஆண்டு ரிட்டர்ன் வேண்டும். பங்கு நஷ்டத்தில் ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் சம்பளத்தில் கழிக்க முடியாது, மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுக்குப் போகும். அந்த மிச்சம் எவ்வளவு என்று புது ஆளுக்குத் தெரிவது பழைய ரிட்டர்னிலிருந்துதான். ஆளை மாற்றும்போது பழையவர் கட்டணத் தகராறு என்று சொல்லி முகத்தைத் திருப்பினாலும், அவர் சிபிஏ என்றால், நாம் கொடுத்த மூல ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பொதுவாக விதி இடம் தராது. எழுதிக் கேளுங்கள், வரும்.