பன்னிப்பாகத்து விசிறி

கல்யாணப் படம் எடுப்பதுதான் எனக்குத் தொழில். மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. இத்தனை வருஷத்தில் எத்தனை தாலிகட்டு எடுத்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் அதில் ஒன்றைக்கூட என் வீட்டுச் சுவரில் மாட்டியதில்லை. மாட்டியிருப்பது ஐந்தே படங்கள். ஐந்துமே சிவாலய ஓட்டத்தில் எடுத்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "கோயில் படம்னு சொன்னீங்க, இதில் சாமியைக் காணோமே?" என்று கேட்பார்கள். கருவறையைப் படம் எடுக்கக் கூடாது, எடுக்கவும் மாட்டேன். அப்புறம் மிச்சம் இருப்பது ஓடுகிறவர்கள்தானே.

குமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகா சிவராத்திரியை ஒட்டி, எங்கள் ஊர்ப்பக்கம் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிப்பார்கள். முஞ்சிறைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலையில் தொடக்கம். பிறகு திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். எல்லாம் சேர்த்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். காலில் செருப்பு கிடையாது. இடுப்பில் காவி வேட்டி, கையில் ஒரு பனையோலை விசிறி. ஒவ்வொரு கோயிலிலும் ஆற்றிலோ குளத்திலோ முங்கி எழுந்து, ஈரத்தோடு உள்ளே போய் சாமிக்கு விசிறிவிட்டு, அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். இன்றைக்கு வேனிலும் பைக்கிலும் சுற்றி வருகிறவர்கள்தான் அதிகம். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, காரணம் பின்னால் வருகிறது.

ஓடும்போது போடுகிற கோஷம்தான் வெளியூர்க்காரர்களைக் குழப்பும். போவது சிவன் கோயில், சொல்வது "கோவிந்தா, கோபாலா". தர்மரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருந்ததாம். பாதி மனிதன், பாதி விலங்கு. சிவனைத் தவிர வேறு பெயர் காதில் விழக் கூடாது அதற்கு. பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சத்தைக் கொடுத்து அனுப்புகிறார் கிருஷ்ணர். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கத்தியதும் மிருகம் துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூஜை செய்கிறது, பீமன் ஓடுகிறான். பன்னிரண்டாவது இடத்தில் சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகவே காட்சி கொடுத்தார்கள் என்பது கதை. அதனால்தான் நட்டாலத்தில் சங்கரநாராயணருக்கும் கோயில் இருக்கிறது. கதை தெரியாமல் ஓடுகிற சின்னப் பையன்கள் நிறைய உண்டு. கோஷத்தை மட்டும் அவர்கள் விடுவதில்லை.

2014-ல் நான் முதன்முதலாகப் போனது பைக்கில்தான். இரண்டு கேமரா, மூன்று லென்ஸ். எல்லாக் கோயிலுக்கும் ஓடுகிறவர்களுக்கு முன்னால் போய் நின்று எடுத்தேன். ஆயிரத்துக்கும் மேல் படம். கூர்மையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லா முகமும் கேமராவைப் பார்த்து ஓடி வருகிற முகம். கல்யாண மண்டப வாசலில் எடுத்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதில் ஒன்றை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'பக்தர்களின் மாரத்தான்' என்று தலைப்பு வைத்து, விசிறியை வெட்டிவிட்டு அச்சிட்டார்கள். என் பெயரும் இல்லை. அன்றைக்குக் கோபப்பட்டேன். இப்போது நினைத்தால் அந்தத் தலைப்பு என் படத்துக்குப் பொருத்தம்தான்.

அடுத்த வருஷம் நானும் ஓடுவதென்று விரதம் பிடித்தேன். ஒரே கேமரா, ஒரே 35 எம்எம் லென்ஸ், அவ்வளவுதான். நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கவர். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே பெரிய வேலை. அந்தக் கேமராவைப் பன்னிரண்டு குளத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சுவரில் இடது ஓரத்தில் இருப்பது திருமலையில் எடுத்தது. இரண்டு கைகளும் ஒரு விசிறிக் காம்பும் மட்டும்தான் தெரியும். காணிக்கைச் சில்லறையைச் சின்னத் துணியில் முடிந்து காம்பில் கட்டுகிறார் ஒருவர். ஈரத்துணி முடிச்சு விழாமல் வழுக்குகிறது, பல்லால் கடித்து இழுக்கிறார். அவ்வளவுதான் படம். படி இறங்கி ஓடத் தொடங்கிய பிறகு அப்படி நிதானமாக எதையும் பார்க்க முடியவில்லை.

அதற்கு அடுத்தது திக்குறிச்சிக்கும் திற்பரப்புக்கும் நடுவே, ராத்திரி. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. அதற்கு முந்தின ராத்திரியில் நிலா என்று ஒன்று இருப்பதே விடியப்போகும் நேரத்தில்தான் தெரியும், அதுவும் கீற்றாக. ரப்பர் தோட்டத்துக்குள் போகும் ரோட்டில் டார்ச் வெளிச்சமும், எப்போதாவது பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டும்தான் துணை. மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் காலம். சருகு கிடக்கும் ஓரத்தில் ஓடினால் நூறு பேர் கால்சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்கும்.

ஒரு கலுங்குச் சுவரில் கேமராவை வைத்தேன். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் அரை நொடி. எல்லாரும் கலங்கித்தான் விழுவார்கள் என்று தெரிந்தேதான் அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் மட்டும் நின்று, ஒரு காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக் குதிகாலில் தைத்ததைப் பிடுங்கினார். படத்தில் அவர் மட்டும் தெளிவாக இருக்கிறார். இரண்டு பக்கமும் காவி நிறம் ஆறு மாதிரி ஓடுகிறது. நான் படம் எடுத்ததை அவர் கவனிக்கவே இல்லை. முள்ளைப் போட்டுவிட்டு "கோவிந்தா!" என்றார். அந்த ஆற்றில் இறங்கிக் காணாமல் போனார்.

திற்பரப்பில் அருவிச் சத்தம் இருட்டில் வெகுதூரம் கேட்டது. அங்கே எடுத்தவை எல்லாம் வீண். லென்ஸில் நீராவி படிந்ததைப் பார்க்காமல் எடுத்துத் தள்ளியிருக்கிறேன். தொடையில் ஈரவேட்டி உரசி உரசித் தோல் பொத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு அண்ணாச்சி பேசாமல் ஒரு குப்பியை நீட்டினார். தேங்காய் எண்ணெய். "முதல் வருஷமாக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

குலசேகரம் தாண்டி விடியக்காலம் மூன்று மணி இருக்கும். ஒரு வீட்டு முன்னால் ஸ்டூல் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பானையோடு ஒரு அம்மா நின்றார். சுக்குக் காப்பி. பின்னால் திண்ணையில் டியூப்லைட், பானையிலிருந்து எழும்பும் ஆவி. வெளிச்சம் அப்படி அமைந்திருந்தது. கேமராவை எடுத்தேன்.

"என்னைப் படம் பிடிக்காத மக்களே, உறக்கச்சடவோட நிக்கேன். காப்பி குடிச்சிட்டு ஓடு."

"எத்தனை வருஷமா கொடுக்கீங்கம்மா?"

"கெட்டி வந்த வருஷத்துல இருந்து. மாமியாரு கொடுத்துட்டு இருந்தாவ, இப்ப நான்."

முகத்தை எடுக்கவில்லை. அகப்பை பிடித்த கை, வரிசையாக டம்ளர், ஆவிக்குள் நீளும் நாலைந்து கைகள். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி போட்டு அடுத்த வருஷம் அதே வீட்டில் கொடுத்தேன். "இது என் கை இல்ல, மாமியாரு கை மாதிரி இருக்கு" என்று சிரித்தார். இப்போது அது அந்த வீட்டுப் பூஜை முறியில் இருக்கிறது.

திருநந்திக்கரை வந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே பாறையில் குடைந்த குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. வட்டெழுத்துக் கல்வெட்டும் மங்கிய பழைய ஓவியங்களும் உண்டு. ராஜராஜன் பிறந்த சதய நாளுக்கு விழா எடுக்க ஏற்பாடு செய்த கல்வெட்டும் அங்கேதான். அதற்கென்று ஒரு நாள் தனியாகப் போக வேண்டும். ஓட்டத்தில் போனால் ஆற்றில் முங்குவதும் நந்தீஸ்வரரைக் கும்பிடுவதும் தவிர எதுவும் கண்ணில் நிற்காது. பொன்மனையும் அப்படித்தான் போனது.

கல்குளத்துப் படம் உச்சிவெயிலில் எடுத்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கம், நீலகண்டசாமி கோயில். பன்னிரண்டில் மற்றவை பெரும்பாலும் மலையாள நாட்டு ஓட்டுக்கூரைச் சாயலில் இருக்க, இங்கே மட்டும் தமிழ்நாட்டுக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். தெப்பக்குளத்தில் கோபுர நிழல் முழுசாக விழுந்திருந்தது. முங்குகிறவர்கள் ஒவ்வொருவராக அதை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். உடையாத நிழல் வேண்டுமென்று கால் மணிநேரம் காத்திருந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் உடைந்ததையே எடுத்தேன். வெளியே தார் ரோடு கொதித்தது. வீட்டுக்காரர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதை எடுக்கவில்லை. அந்த ஈரத்தில் கால் வைத்து நிற்கத்தான் தோன்றியது.

நடுவில் மாட்டியிருக்கிற படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது பன்னிப்பாகம். கல்குளத்துக்கு முந்தின கோயில், காலை ஒன்பதரை மணி வாக்கில். மரநிழலில் ஒரு பாட்டா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயது இருக்கும். உடம்பெல்லாம் திருநீறு காய்ந்து வெடித்திருக்கிறது. அவர் மடியில் தலை வைத்து ஒரு பையன் செத்ததுபோல் உறங்குகிறான். பத்து வயது இருக்கலாம். சாமிக்கு வீசக் கொண்டுவந்த விசிறியால் பாட்டா அவனுக்கு வீசிக்கொண்டிருக்கிறார். இலை இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறது. விசிறி மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் அசையவில்லை. மூன்று படம் எடுத்தேன், இரண்டாவதுதான் சுவரில் இருப்பது.

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "பாட்டா, அது சாமி விசிறில்லா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வீசியாச்சு மக்களே. இவன் வேர்த்துக் கிடக்கான்." கை நிற்கவில்லை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஓடுதியா, படம் புடிக்கியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கேமராவைக் கவரில் போட்டுக் குளத்தில் இறங்கினேன். ஏறி வந்தபோது அவரும் இல்லை, பையனும் இல்லை.

அன்றைக்குத் திருநட்டாலம் போய்ச் சேர ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. நெற்றியில் வைத்த சந்தனத்தின் குளிர்ச்சி மட்டும் நினைவிருக்கிறது. அங்கே ஒரு படமும் எடுக்கவில்லை.

2016-லிருந்து அந்தப் படத்தின் இரண்டு பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன், பாட்டாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. பெயர் கேட்டு வைக்காதது என் மடத்தனம். கல்யாண வீட்டில் முன்பணம் வாங்கும்போது பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பன்னிப்பாகத்தில் அந்த மரத்தடியில் கொஞ்சநேரம் நிற்பேன். சுக்குக் காப்பி கொடுக்கிறவர்கள், கஞ்சி ஊற்றுகிறவர்கள், கூட ஓடுகிறவர்கள் என்று பலரிடம் காட்டிவிட்டேன். "பாத்த முகம்தான்" என்பார்கள். குமரி மாவட்டத்தில் காய்ந்த திருநீறு பூசிய எல்லாப் பாட்டாவும் பார்த்த முகம்தான். அவருடைய பிரதி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் ஈரம் பட்டுக் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

பையன் கிடைத்தது 2018-ல், திருநட்டாலம் குளப்படியில். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, நன்றாக உயர்ந்திருந்தான். தலையைத் துவட்டாமல் படியில் சரிந்து கண்மூடிக் கிடந்த விதத்தில்தான் சந்தேகம் வந்தது. எழுப்பிப் படத்தைக் காட்டினேன். போன் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஆமாண்ணே, இது நான்தான்."

"தாத்தா வந்திருக்காங்களா?"

"தாத்தாவா? இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. நான் மாமன்கூட வந்தேன். மாமன் குளிக்கப் போனாவ. எனக்கு உறக்கம் வந்து அப்படியே சாஞ்சிட்டேன். எழும்பும்போது பக்கத்துல யாருமில்ல. மாமன்தான் வந்து எழுப்பினாவ."

மூன்று வருஷமாகப் பேரன், பேரன் என்று ஊரெல்லாம் விசாரித்தவன் நான். அவன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விசிறியைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, வாயைத் தொறந்துல்லா கிடக்கேன் இதுல!" என்றான். "யாருக்கும் காட்டிராதீங்க."

அவனுடைய பிரதியைக் கொடுத்தேன். வாங்கியதும் ஈரவேட்டி மடிப்பில் செருகப் போனான். பிடித்து நிறுத்தி, கேமராவுக்குக் கட்டியிருந்த கவரை அவிழ்த்துக் கொடுத்தேன்.