தாரண வருஷத்துக் கடிதங்கள்: ஆறாவது வாரம்

டிரங்குப் பெட்டியில் கிடைத்த, தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் மொத்தம் 23. இந்த வாரத்தோடு 18 படித்து முடிந்தது. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போனவர். நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். பெங்களூரு அல்சூரில் அந்தப் படையின் எம்.இ.ஜி. சென்டரைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். ஆனால் தாத்தா என்றால் எனக்குக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம், அவ்வளவுதான்.

முதலில் என் சொதப்பல். மடிப்பு விறைத்துப்போன ஒரு கடிதத்தை நிமிர்த்த ஈரத்துணியால் லேசாக ஒற்றினேன். சாம்பல் நிற எழுத்து கண்ணெதிரே ஊதாவாகிப் பரவியது. அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சிலில் சாயம் கலந்திருக்கும், நீர் பட்டால் மையாகிவிடும். மூன்று வரி போச்சு. அதிலிருந்து ஈரமே காட்டுவதில்லை. இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே தடிமனான கன்னட அகராதி, நான்கு நாள். பிறகு காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் போட்டோ, பிளாஷ் இல்லாமல்.

எழுத்து பிடிபட இன்னொரு வாரம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். பாதி இடத்தில் புள்ளியே கிடையாது. தலைப்பில் இருந்த 'தாரண' என்பதை ஊர்ப்பெயர் என்று நினைத்து இரண்டு ராத்திரி பர்மா வரைபடத்தில் தேடினேன். "அது வருஷம்டா" என்று அத்தை சிரித்தார். 1944 ஏப்ரலிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை. ஊர்ப்பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை; எழுதியிருந்தாலும் தணிக்கையில் தப்பியிருக்காது.

முதல் 11 கடிதமும் முத்துமுத்தான கையெழுத்து. "உபயக்ஷேமம்" என்று தொடங்கி, பகவத் கிருபையில் முடியும். தாத்தா இவ்வளவு நாசூக்கானவரா என்று பெருமையாக இருந்தது. 12-வதைப் பிரித்தால் புளியங்கொட்டை அளவுக்கு எழுத்து, வரியெல்லாம் சரிந்து ஓடுகிறது. அத்தையிடம் கேட்டேன். "எங்கப்பா கைநாட்டு வச்சுத்தான் பட்டாளத்துல சேர்ந்தாரு. எழுதக் கத்துக்கிட்டதே அங்க போய்த்தான்."

ஆக, ஐந்து வாரமாக நான் பழகியது யாரோ ஒரு சக சிப்பாயிடம்.

சொந்தக் கையில் தாத்தா எழுதிய முதல் வரி: "கருப்பு ஆடு குட்டி போட்டதா." அடுத்து: "மஞ்ச மாத்திரை தினம் குடுக்குராங்க. தோல் மஞ்சளா போச்சு. இனி நாம ரெண்டு பேரும் மஞ்சள் பூசினவங்க." மலேரியாவுக்குக் கொடுத்த மெபாக்ரின் அது, உண்மையிலேயே தோலை மஞ்சளாக்கும். இந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

மார்கழிக் கடிதத்தில் ஒரு பாலம் வருகிறது: "நம்ம பாலாறு போல மணல் இல்லை, தண்ணி ஓடுர ஆறு." அதே 1944 டிசம்பரில்தான் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் மேல் 1,100 அடிக்கும் மேல் நீளமான பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுவது) போட்டார்கள். தாத்தாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கை பரபரத்தது. ஆதாரம் இல்லாமல் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஊர் வாத்தியார்தான் வாசித்துக் காட்டுவாராம். அதனால் தாத்தா கைப்பட எழுதிய எல்லாக் கடிதத்தின் அடியிலும் "படிக்கிர வாத்தியாருக்கு நமஸ்காரம்" உண்டு. 16-வதில் அதற்கு மேலே ஒரு வரி, அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறது. தணிக்கைக்காரர் வேலை இல்லை, அதே பென்சில். தாளைத் திருப்பி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. பொறுமையாக உட்கார்ந்தால் படித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

அத்தையிடம் காட்டினேன். "வாத்தியாருக்கே காட்டாததை நீ எதுக்குடா படிக்கிற?" என்றார்.

டார்ச்சை அணைத்துவிட்டேன். மீதி ஐந்து கடிதம் அகராதிக்கு அடியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை எடுக்கலாம்.