மே 3, ஜூலை 26, செப்டம்பர் 13

2020 மார்ச் 24 அன்று பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வான வேதியியலை எழுதிவிட்டு நானும் என் வகுப்புத் தோழியும் பள்ளியிலிருந்து வெளியே வந்தபோது, மாலை 6 மணி முதல் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு வரப்போகிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. மே 3-இல் நடக்கவிருந்த நீட் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாட்கள் இருந்தன. அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று பேசிக்கொண்டே நடந்தோம். அன்று பேருந்து கிடைக்காமல் அந்தத் தேர்வையே எழுத முடியாமல் போன மாணவர்கள் மாநிலம் முழுவதும் பல்லாயிரம் பேர் என்பதும், அவர்களுக்கு ஜூலை 27-இல் மறுதேர்வு நடக்கப்போகிறது என்பதும் பிறகு அறிந்த செய்திகள்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், அதன்பின் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தேன். அப்பா கொத்தனார்; அம்மா நூறு நாள் வேலைக்குச் செல்பவர். ஜனவரி முதல் வாரத்தில் 1,400 ரூபாய் கட்டி நீட் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதியவர்கள் பலர் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது பாடத்தைப் பற்றியது அன்று. அந்த ஓராண்டில் ஒவ்வொரு விதியும் எந்த நாளில் எங்களை வந்தடைந்தது என்பதைப் பற்றியது.

மார்ச் 27-இல் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. உறுதியான புதிய தேதி சொல்லப்படவில்லை. மே 5-இல், ஜூலை 26 அன்று தேர்வு நடைபெறும் என்று அறிவித்தார்கள். ஜூலை 3-இல் அதுவும் மாறி, செப்டம்பர் 13 என்றானது. நோய் பரவிக்கொண்டிருந்த நிலையில் பதினாறு லட்சம் பேரை ஒரே நாளில் தேர்வறைகளுக்கு வரவழைக்க முடியாது என்பதை நான் அன்றும் ஏற்றுக்கொண்டேன், இன்றும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்கு மாதக் கூடுதல் அவகாசம் எல்லோர் வீட்டிலும் ஒரே பொருளைத் தரவில்லை. நகரத்தில் பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு அது இன்னொரு சுற்றுத் திருப்புதல், இன்னும் பல மாதிரித் தேர்வுகள். எங்கள் வீட்டில் அது, கட்டட வேலை நின்றுபோன அப்பாவின் வருமானத்தில் நான்கு மாதம் கூடுதலாக என்னை மேசைமுன் உட்கார வைப்பது. திருப்பூரில் வேலை பார்த்த அண்ணன் ஊரடங்கில் வீடு திரும்பியிருந்ததால் அவருடைய கைப்பேசி எனக்குக் கிடைத்தது. அது இல்லாமல் போயிருந்தால், ஜூன் மாதம் இணையவழிக்கு மாறிய அரசின் இலவசப் பயிற்சியில் ஒரு வகுப்பைக்கூட நான் பார்த்திருக்க முடியாது. வீட்டுக்குள் சமிக்ஞை வராது. மாடிப்படியின் மேல்கட்டில் உட்கார்ந்தால் மட்டுமே காணொளி தடைபடாமல் ஓடும் என்பதால், வெயில் இறங்கிய பிறகுதான் என் வகுப்புகள் தொடங்கின.

தேதி மாறியதைவிட, தேதி மீண்டும் மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்புதான் படிப்பைக் கெடுத்தது. ஜூலை 26-ஐ மனத்தில் வைத்து ஜூன் இறுதியில் உயிரியல் முழுவதையும் முடித்து, இயற்பியல் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று திட்டமிட்டிருந்தேன். தள்ளிவைப்பு அறிவிப்பு வந்த மறுநாள் புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "தேதியைப் பற்றி யோசிக்காதே அம்மா, நாளைக்கு ஐம்பது வினா முடித்துவிட்டு எனக்குச் சொல்" என்றார். செப்டம்பர் வரை தினமும் இரவு எட்டரை மணிக்கு அவருக்குக் கணக்குக் கொடுத்தேன். அது எந்தத் திட்டத்திலும் இல்லாத உதவி. எங்கள் வகுப்பில் விண்ணப்பித்திருந்த ஐந்து பேருக்கும் அவர் அப்படியே செய்தார்.

ஜூலையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) தன் பாடத்திட்டத்தில் 30 விழுக்காட்டைக் குறைத்தபோது இன்னொரு குழப்பம் வந்தது. அந்தக் குறைப்பு அடுத்த கல்வியாண்டு மாணவர்களுக்கானது. எங்கள் நீட் பாடப்பகுதி அப்படியேதான் இருந்தது. ஆனால் செய்தியைப் பாதியாகக் கேட்டவர்கள் சில அலகுகளைப் படிக்கவே தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள், நானும் இரண்டு நாட்கள் நம்பினேன். இத்தகைய காலத்தில் அறிவிப்பை வாய்வழியாகக் கேட்காமல் மூலச் சுற்றறிக்கையையே படிக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு நாட்கள் எனக்குக் கற்றுத் தந்தன. அதன்பின் ஒவ்வொரு அறிவிப்பையும் தரவிறக்கி, தேதி எழுதி, ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன். இதை எழுதும்போதும் அந்தக் குறிப்பேடு என் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் அப்போது நீட் மையம் கிடையாது. நான் தேர்ந்தெடுத்திருந்தது திருச்சி. ஆகஸ்ட் வரை மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு, தேர்வோ ஞாயிற்றுக்கிழமை. தேர்வைத் தள்ளிவைக்கக் கோரிய மனுவை ஆகஸ்ட் 17-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகும், ஆறு மாநில அமைச்சர்கள் தாக்கல் செய்த சீராய்வு மனு செப்டம்பர் 4-இல் நிராகரிக்கப்படும்வரை, தேர்வு உண்டா இல்லையா என்ற பேச்சு ஓயவில்லை. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீக்கப்பட்டது, ஞாயிறு ஊரடங்கும் விலக்கப்பட்டது. 7-ஆம் தேதி மாவட்டங்களுக்கிடையே பேருந்து ஓடத் தொடங்கியது. அதாவது, தேர்வுக்குச் செல்ல வழி இருக்கிறது என்பது ஆறு நாட்களுக்கு முன்புதான் உறுதியானது. அதற்குள் அப்பா வாடகை வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய நாள் மதுரை, தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களில் மூன்று மாணவர்கள் உயிரை விட்டார்கள். அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அன்றிரவு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அந்த மூவரில் எவரையும் எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர்களை நினைக்காமல் அந்தச் செப்டம்பரை என்னால் எழுத முடியாது.

தேர்வு நாளின் நடைமுறைகள் முந்தைய ஆண்டுகளைவிட முற்றிலும் வேறாக இருந்தன. ஓர் அறையில் 24 பேர் என்றிருந்தது 12 ஆகக் குறைக்கப்பட்டு, நாடு முழுவதும் மையங்களின் எண்ணிக்கை 2,546-இலிருந்து 3,800-க்கும் மேலாக உயர்த்தப்பட்டிருந்தது. நுழைவுச் சீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வருகை நேரம் குறிக்கப்பட்டிருந்தது. எனக்கு முற்பகல் 11.30. காய்ச்சல், இருமல் இல்லை, தொற்று உள்ளவருடன் தொடர்பில் இல்லை என்ற உறுதிமொழியை அந்தச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாசலில் வெப்பநிலை பார்த்தார்கள். நாம் அணிந்து சென்ற முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி அவர்கள் தரும் மூன்றடுக்கு முகக்கவசத்தைக் கொடுத்தார்கள். தொடாமல் கருவியால் மட்டும் சோதித்தார்கள். தண்ணீருக்கு நிறமற்ற புட்டி, ஐம்பது மில்லி கிருமிநாசினி ஆகியவற்றுக்கு அனுமதி இருந்தது. வெப்பநிலை கூடியவர்களைத் திருப்பி அனுப்பாமல் தனியறையில் எழுத வைக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததால்தான், முந்தைய வாரம் முழுவதும் தொண்டை கரகரத்தபோது நான் நிலைகுலையாமல் இருந்தேன்.

எவரும் எச்சரிக்காத ஒன்று மூக்குக்கண்ணாடி. முகக்கவசத்திலிருந்து மேலேறும் மூச்சு கண்ணாடியில் படிந்து, விடைத்தாளின் வட்டங்கள் மங்கின. முதல் அரைமணி நேரத்தில் ஒரு வட்டத்தைத் தவறான வரிசையில் நிரப்பிவிட்டேன். கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. 180 வினாக்களுக்கு மூன்று மணி நேரம். சரிக்கு நான்கு, தவறுக்குக் கழிவு ஒன்று. அதன்பின் ஒவ்வொரு பத்து வினாவுக்கும் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வரிசை எண்ணில் விரலை வைத்தே நிரப்பினேன். இயற்பியலில் எட்டு வினாக்களைப் படிக்கவே நேரமில்லாமல் போனது.

என் தோழி அன்று தேர்வெழுதவில்லை. அதற்கு நான்கு நாட்களுக்கு முன் அவளுடைய தெருவைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். நுழைவுச் சீட்டைக் காட்டினால் வெளியே விடுவார்களா என்று அவளுடைய வீட்டார் விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் கிடைத்தது. கடைசியில் அவளுடைய தந்தைக்கே தொற்று உறுதியானதால் அந்தக் கேள்விக்கும் பொருளில்லாமல் போயிற்று. பத்து நாட்கள் கழித்து அவள் தன் குறிப்பேடுகளை எல்லாம் கட்டி, எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு எழுதவிருந்த ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டாள். அக்டோபர் 12-இல், தொற்றாலோ கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் இருந்ததாலோ எழுத முடியாதவர்களுக்கு மீண்டும் தேர்வு நடத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தேர்வு அக்டோபர் 14. இடையில் இருந்தது ஒரே ஒரு முழு நாள். அன்றிரவு அவளும் அவளுடைய சித்தப்பாவும் இருசக்கர வண்டியில் போய் அந்தக் குறிப்பேடுகளைத் திரும்ப வாங்கி வந்தார்கள். மனிதாபிமானம் உள்ள முடிவு அது; நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், "எழுத முடியாதவர்களுக்குப் பிறகொரு நாள் உண்டு" என்ற ஒற்றை வரி செப்டம்பர் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருந்தால் அவள் அந்த ஒரு மாதமும் படித்திருப்பாள்.

அக்டோபர் 16-இல் முடிவுகள் வந்தன. எனக்கு 720-க்கு 291. எங்கள் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 113 என்பதால் தேர்ச்சி பெற்றிருந்தேன். ஆனால் பொதுத் தரவரிசையில் அந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி இடம் கிடையாது. தோழிக்கு 104.

மருத்துவப் படிப்பு இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்ட முன்வரைவு, நாங்கள் தேர்வெழுதி இரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 15-இல் சட்டப்பேரவையில் நிறைவேறியிருந்தது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடிப்படையாகக் கொண்டது அது. ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை. முடிவு வெளியான பின் இரண்டு வாரம் நான் செய்தியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு மீண்டும் படிப்பதா, வேறு பட்டப்படிப்பில் சேர்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கலை அறிவியல் கல்லூரியில் கிடைத்த இடத்தை விடவும் முடியவில்லை, மனதார ஏற்கவும் முடியவில்லை. அக்டோபர் 29-இல் அரசாணை வந்தது. மறுநாள் ஆளுநரும் ஒப்புதல் அளித்தார்.

அதன்பின் எல்லாமே ஓட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். நான் இரண்டு பள்ளிகளில் படித்தவள் என்பதால் இரண்டு தலைமையாசிரியர்களின் கையொப்பம் தேவைப்பட்டது. நடுநிலைப் பள்ளி மூடியே கிடந்தது. பழைய தலைமையாசிரியர் மாற்றலாகிச் சென்றிருந்தார். புதியவர் வீட்டிலிருந்து வந்து, பதிவேடுகளைத் தூசி தட்டித் தேடி, ஒரே பிற்பகலில் எழுதிக் கொடுத்தார். இனி விண்ணப்பிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால், இந்தச் சான்றைத் தேர்வு முடிவுக்காகக் காத்திராமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வு நவம்பர் 18-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் தொடங்கியது. எங்கள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். 313, பல் மருத்துவம் 92 என 405 இடங்கள். முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்கள் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தார்கள். சிறப்புத் தரவரிசையில் முதல் இருநூறுக்குள் இருந்ததால் எனக்கு அரசுக் கல்லூரி கிடைத்தது. ஆணையை வாங்கியபோது அப்பா அதைத் தொடவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். வெளியே ஒரு தந்தையும் மகனும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்த மாணவனுக்குத் தனியார் கல்லூரி இடம்தான் மீதமிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் கட்டணம் என்றதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கலந்தாய்வு தொடங்கிய சில நாட்களிலேயே, தனியார் கல்லூரிகளில் சேரும் இந்த மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஊர் திரும்பியபின் அந்தச் செய்தியை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்தச் சுவரோரம் நின்ற இருவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

2021 பிப்ரவரியில் எனக்கு வகுப்புகள் தொடங்கின. தோழி மீண்டும் படித்தாள். அந்த ஆண்டும் தேர்வு ஆகஸ்ட் 1-இலிருந்து செப்டம்பர் 12-க்குத் தள்ளிப்போனது. 200 வினாக்களில் 180-க்கு விடையளித்தால் போதும் என்று வினாத்தாள் அமைப்பும் ஜூலையில் மாறியது. இம்முறை அவள் குறிப்பேடுகளை எவருக்கும் கொடுக்கவில்லை. 2022 ஜனவரி இறுதியில் நடந்த கலந்தாய்வில் அவளுக்குத் தனியார் கல்லூரி இடமே கிடைத்தது. கட்டணத்தை யார் செலுத்துவார்கள் என்பது அரங்குக்குள் நுழையும் முன்பே தெரிந்திருந்ததால், அவளுடைய தந்தை அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கையொப்பமிட்டார்.