அக்காவோடு சிவாஜி நகர் மாதா கோயிலுக்கு

போன வருஷம் அம்மா மூச்சு விட முடியாமல் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெங்களூர் சிவாஜி நகர் ஆரோக்கிய மாதாவுக்குப் பட்டுப்புடவை நேர்ந்துகொண்டார்கள். அந்த நேர்ச்சையின் மறுபாதி, அம்மா பிழைத்து எழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ரெண்டு பொண்ணுங்களும் சேர்ந்து வந்து குடுப்பாங்கன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்கள்.

அக்காவும் நானும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கத்தை மூடியபோது வந்த செட்டில்மெண்ட் பணத்தில் ஒரு பங்கை அப்பா பேங்கில் போட்டு வைத்திருந்தார். அது அக்கா மகள் படிப்புக்கு என்று வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். அப்பா போனதும், லிங்கராஜபுரத்தில் லீஸுக்கு வீடு எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு அதை நான் வாங்கிக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றைக்கு அக்கா கேட்டாள். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவேன். கடைசியாகச் சொன்னபோது சாமியார், "இதை உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 8. மாரிக்குப்பம் ரயிலில் வந்து அக்கா கன்டோன்மென்டில் இறங்கினாள். "வந்துட்டியா?" "ம்." அவ்வளவுதான். அங்கிருந்து நடந்தோம், புடவைப் பையை நான் வைத்துக்கொண்டேன். ரஸல் மார்க்கெட் பக்கம் வந்ததும் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. காவி உடுத்தி ஒன்பது நாள் நவநாள் ஜெபம் இருந்தவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், வெறுங்காலோடு நடந்தே வந்தவர்கள். ஒருத்தர் மெழுகுதிரிக் கட்டைக் கையில் திணித்துவிட்டு, தொட்டாச்சு, காசு கொடு என்று விடாமல் வந்தார். இன்னொருத்தர் குறுக்கு வழியில் உள்ளே விடுகிறேன், ஆளுக்கு இருநூறு என்றார். மாதா வாசலில் நின்றுகொண்டு இதைச் செய்ய எப்படி மனசு வருகிறதோ. அக்கா ஆஸ்துமாக்காரி. சுவரில் சாய்ந்து இன்ஹேலர் எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

1974-ல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்ற கோயில் அது. அம்மாவுக்கு இன்றைக்கும், சிவாஜி நகரின் பழைய பெயரில், பிளாக்பள்ளி மாதா கோயில்தான். உள்ளே தமிழ்ப் பூசை. மாதா பிறந்தநாள் என்பதால் மத்தேயு சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வரும் வம்சாவளியை வாசித்தார்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று எத்தனையோ வருஷம் கவனமில்லாமல் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, யாக்கோபின் பிள்ளைகள் யூதாவும் அவர் சகோதரர்களும் என்று வந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது. கூடப்பிறந்த யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார் அவர்கள். விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனே இந்த யூதாதான். அந்த வம்சத்தில்தான் ஆண்டவர் வந்து பிறந்தார். பின்னால் பஞ்ச காலத்தில் எகிப்தில், தம்பி பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசேப்பின் முன்னால் நின்றவனும் அதே யூதா. அவனுக்கு அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்ற வரிக்கு எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கு யாரும் தீமை செய்யவில்லை. செய்தவள் நான். மன்னிக்க வேண்டியவள் என் இடது பக்கம் ஒரு சாண் தூரத்தில் நிற்கிறாள்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அக்கா பக்கத்துப் பாட்டிக்குக் கைகூப்பினாள், பின்வரிசைக்குக் கைகூப்பினாள், அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. பணமும் தப்புதான். மாசாமாசம் குடுத்துடறேன்" என்றேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கேட்டாளோ இல்லையோ என்று தவித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலைப் பிடித்தால் நழுவிவிடும் என்று, சின்ன வயசில் ஊர்த் தேர்க்கூட்டத்தில் என்னைத் தொலைக்காமல் இருக்க அப்படித்தான் பிடிப்பாள். கண்ணாடி வளையல் சதையில் அழுந்தியது. நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகிற வரைக்கும் விடவில்லை.

மாதாவே, என்ன சொல்லி நன்றி சொல்வேன்! நாலு வருஷமாக நன்மை வாங்கியிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் அது நெஞ்சுக்குள் இறங்கியது. அம்மாவுக்கு மூச்சைக் கொடுத்தாய், எனக்கு அக்காவைக் கொடுத்தாய் தாயே. புடவை சாத்திய மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அழுதேன். நாங்கள் கொண்டுபோன புடவையின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையை நானும் பிடித்துத்தான் கொடுத்தோம். வாங்கிய தம்பி யார் பெயருக்கு என்று கேட்டான், அக்கா அம்மா பெயரைச் சொன்னாள்.

தேர்பவனி பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "மாசாமாசம் எவ்ளோன்னு நீயா முடிவு பண்ணாத, வீட்டுக்கு வா பேசிக்கலாம்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போகிறேன்.