வரிப் பாக்கிக்கு ஒரு வக்கீல்

அமெரிக்க வருமான வரித்துறை, அதாவது ஐ.ஆர்.எஸ்., எடுத்த எடுப்பில் போன் பண்ணாது, தபால்தான் போடும். போனில் மிரட்டுகிறவன் திருடன் என்பது நியூஜெர்சியில் நம்மாட்கள் எல்லாருக்கும் பாடம். நிஜமாகவே தபால் வந்தால் யாரிடம் போவது என்றுதான் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எங்களுக்கு அது 2024 வசந்தத்தில் வந்தது. 2021ஆம் வருஷக் கணக்கில் 34,000 டாலர் சொச்சம் பாக்கி. கணவரின் கம்பெனியில் சம்பளத்தோடு ஆர்.எஸ்.யு. என்று பங்குகளும் கொடுப்பார்கள். பங்கு கைக்கு வரும் நாளிலேயே அதன் மதிப்பைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடித்துவிடுவார்கள். 2021இல் அதில் 90,000 டாலர் அளவுக்கு விற்றிருந்தோம். விற்பனை விவரம் உள்ள 1099-பி தாளை, எங்களுக்கு வரிக்கணக்கு போட்டுக்கொடுத்தவர் சேர்க்காமல் விட்டுவிட்டார். அதன் நகல் புரோக்கரிடமிருந்து நேராக வரித்துறைக்குப் போகும். வாங்கிய விலை தெரியாததால் விற்ற பணம் முழுக்க லாபம் என்று எடுத்து, வரி, 20 சதவீத அபராதம், வட்டி என்று பில் போட்டிருந்தார்கள்.

கணக்கு போட்டவரிடம் கேட்டால், “ஒரு லெட்டர் போட்டுடறேன், கவலைப்படாதீங்க” என்றார். அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. அடுத்து, ரேடியோவில் விளம்பரம் செய்யும் ஒரு வரிக்கடன் நிவாரணக் கம்பெனி. 34,000 டாலரை 4,000க்கு முடித்துத் தருகிறோம் என்று தேனொழுகப் பேசி, முன்பணமாக 1,500 டாலர் வாங்கிக்கொண்டார்கள். பேசியவர் விற்பனை ஆள். வக்கீல் யார் என்று கேட்டபோதெல்லாம், “ஃபைல் அவர் மேசையில் இருக்கிறது” என்பதே பதில். இலையுதிர் காலத்தில் பதிவுத் தபாலில் எல்.டி. 11 என்ற கடைசி எச்சரிக்கை வந்தது. சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கைவைக்கப்போகிறோம் என்று பொருள். கணவருக்குப் பணத்தைவிடக் குடியுரிமை விண்ணப்பம்தான் கவலை. வரிப் பாக்கி உண்டா என்று அந்தப் படிவத்தில் நேராகவே கேட்கிறார்கள்.

எடிசன் பக்கம், வரி வழக்கு மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீலைக் கணவரின் அலுவலக நண்பர் சொன்னார். அவர் முதலில் கேட்டது தொகையை இல்லை, கடிதத்தின் தேதியை. அதைப் பென்சிலால் வட்டமிட்டு, சுவர்க் காலண்டரில் முப்பது நாள் எண்ணினார். அந்த முப்பது நாளுக்குள் 12153 படிவம் கொடுத்து விசாரணை கேட்டால் ஜப்தி நின்றுவிடும். இன்னும் பதினொரு நாள் இருந்தது. அங்கேயே எங்கள் சார்பில் பேசும் அதிகாரத்துக்கான 2848 படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதில் எங்களுக்காகப் பேசப்போகிறவரின் பெயரும் தகுதியும் இருக்கும். நிவாரணக் கம்பெனியிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய காகிதம் அதுதான்.

அவர்கள் சொன்ன 4,000 டாலர் சமரசத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். கடனைக் குறைத்து முடிக்கும் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் வருமானம், வீடு, 401 கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாவற்றையும் எடைபோட்டு, இவரால் கட்டவே முடியாது என்று தெரிந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள். “இரண்டு சம்பளம், சொந்த வீடு. உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்” என்றார்.

கணக்கு விவரங்களை வரவழைத்துப் பார்த்தபோதுதான், எங்களுக்கு வராத இரண்டு கடிதங்கள் தெரியவந்தன. இரண்டாவது, வரி நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் தரும் கடிதம். 2023 கோடையில் வீடு மாறியிருந்தோம். தபால் நிலையத்தில் முகவரி மாற்றியபோது கணவர் நம் ஊர் வழக்கப்படி இனிஷியலோடு எழுதிக் கொடுத்தார். வரிப் படிவத்திலோ மாமனார் பெயர் முழுதாகக் கடைசிப் பெயர். பெயர் பொருந்தாவிட்டால் தபால் நிலையத்தில் செய்த மாற்றம் வரித்துறைக்குப் போய்ச் சேராது. பழைய முகவரிக்கு அனுப்பினாலும் சட்டப்படி அனுப்பியதுதான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்து உண்டு. 90 நாள் கடிதம் நிஜமாகவே கைக்கு வரவில்லையென்றால், ஜப்தி விசாரணையிலேயே பாக்கித் தொகையையும் மறுத்துப் பேசலாம். வக்கீலுக்குக் கொடுத்த 4,500 டாலரும் சட்டத்தின் இந்த ஒரு வாசகத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

விசாரணை போனில்தான் நடந்தது, எங்களைக் கூப்பிடவே இல்லை. பங்கு கிடைத்த தேதிகள், வருஷச் சம்பள விவரம் உள்ள டபிள்யூ-2 தாள், வாங்கிய விலை உள்ள புரோக்கரின் துணைப்பட்டியல் மூன்றையும் அடுக்கிக் கொடுத்தோம். 2025இல் முடிவு வந்தது. உண்மையான லாபத்துக்கு 1,300 டாலர் வரி, அதற்கு வட்டி. நாங்கள் குறைவாகக் கட்டிய வரி 5,000 டாலரைத் தாண்டாததால் அந்த 20 சதவீத அபராதமும் போயிற்று. நியூஜெர்சி மாநிலக் கணக்கையும் திருத்தித் தரவேண்டியிருந்தது. மத்திய வரிக்கு எந்த மாநில வக்கீலும் ஆஜராகலாம், ஆனால் இந்த மாநில வேலைக்கு உள்ளூர்க்காரராக இருந்தது வசதி.

எல்லாருக்கும் வக்கீல் வேண்டியதில்லை. பாக்கி சரிதான், 50,000 டாலருக்குள்தான் என்றால் ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலேயே தவணை கேட்டுக்கொள்ளலாம். கணக்கில் தகராறு என்றால் சி.பி.ஏ. என்ற பட்டயக் கணக்காளரோ, வரித்துறையின் உரிமம் பெற்ற என்ரோல்டு ஏஜென்டோ போதும், அவர்களும் உங்களுக்காகப் பேசலாம். வருமானம் குறைவானவர்களுக்கு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ உதவும் வரி மையங்களும் உண்டு. நீதிமன்றம், ஜப்தி, வெளியில் சொல்லத் தயங்கும் சங்கதி, இவற்றுக்குத்தான் வக்கீல்.

அந்தக் கடைசி வகையும் எங்களிடம் இருந்தது. முதல் சந்திப்பின் முடிவில், “இந்தியாவில் வங்கிக் கணக்கு இருக்கிறதா?” என்றார். கணவர் என்னைப் பார்த்தார். “என்.ஆர்.இ. டெபாசிட் இருக்கு. அப்புறம் அம்மாவோட ஜாயிண்ட் அக்கவுண்ட் ஒண்ணு.” வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அமெரிக்காவில் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை தரவேண்டும். தெரியாமல் விட்டவர்கள் மூன்று வருஷ வரிக்கணக்கைத் திருத்தி, ஆறு வருஷ எஃப்பார் கொடுத்து, 5 சதவீத அபராதத்தோடு சரிசெய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்கு இன்னொரு கட்டணம், இன்னொரு ஃபைல்.

இப்போது கொழுந்தனார் கும்பகோணத்தில் ஆறு வருஷ ஸ்டேட்மெண்டுக்காக வங்கிக்கு நடந்துகொண்டிருக்கிறார். மாமியாரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாராம் மேனேஜர்.